கோச் ஜுபைரைப் பார்க்க வந்தவர்கள்

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஊசிக்காக உட்கார்ந்திருந்த ஆன்றோவிடம், இது ஆஸ்பத்திரி இல்லை என்று ஜுபைர் மறுபடியும் சொன்னான்.

"அப்ப வாசல்ல லைஃப்புனு போர்டு மாட்டிக்கீறியே பாய்?"

"லைஃப் கோச்னு மாட்டியிருக்கேன்."

"கோச்சுனா ஃபுட்பால் கத்துக்குடுக்கறவரு. நீ இன்னா கத்துக்குடுப்ப?"

"எதையும் கத்துக்குடுக்க மாட்டேன்."

காசிமேட்டில் மீன் கூடை தூக்கித் தூக்கி ஆன்றோவுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டிருந்தது. மடித்த கையை இறக்கிவிட்டு எழுந்தான். "இன்னாத்துக்கு இந்தக் கடைய தொறந்துக்கீறனு ஒண்ணும் பிரியல பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராயபுரம் கல்மண்டபத்தில் அது பலருக்கும் புரியவில்லை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருந்தவன் ஜுபைர். ஆன்லைனில் கோச்சிங் படித்தான்; தங்கக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. சம்பளமில்லா விடுப்பில் வந்து, வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டுவிட்டான். முதலாளி அத்தாவுல்லா வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். வருகிறாயா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

ஆன்றோவுக்கு முன்பும் இப்படித்தான். ஒருவர் எல்ஐசி என்று நினைத்து வந்தார். ஒரு அம்மா மகளுக்கு வரன் கேட்டு வந்தாள். இன்னொருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். பெயின்டரைக் கூப்பிட்டு போர்டின் கீழே எழுதச் சொன்னான் ஜுபைர்: 'மருந்து கிடையாது. மந்திரம் கிடையாது. வரன் கிடையாது. ஆலோசனையும் கிடையாது. முதல் மாதம் இலவசம்.'

அதற்குப் பிறகு யாருமே வரவில்லை.

"எதுவுமே கிடையாதுனு அவங்களே எழுதி வெச்சிட்டாங்க, நீ வா" என்று வாசலில் யாரோ யாரையோ இழுத்துக்கொண்டு போனது ஜுபைர் காதில் விழுந்தது.

பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று காலி நாற்காலியோடு பேச ஆரம்பித்தான். "உங்க மனசு உண்மையில என்ன கேக்குது?" என்று கேட்டான். பதிலுக்கு நேரம் கொடுத்தான். பிறகு தலையாட்டினான்.

டீயோடு வந்த மனைவி ரிஃபானா திரைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"யார்கிட்டங்க பேசினு கீறீங்க?"

"கிளையன்ட்கிட்ட."

"எங்க கீறாங்க?"

"இனிமேதான் வருவாங்க."

அவள் டீயை வைத்துவிட்டுப் போனாள். நாற்காலி பதில் சொல்லாதது ஜுபைருக்கும் ஒரு குறையாகத்தான் இருந்தது. எனவே பயிற்சியை வீட்டுக்குள்ளும் நீட்டித்தான்.

"ஏங்க, கேஸ் தீந்துபோச்சு. இப்ப இன்னா பண்றது?"

"நீ என்ன பண்ணலாம்னு நினைக்கிற ரிஃபானா?"

"சிலிண்டருக்கு போன் பண்ணுங்க!"

"அதைக் கேக்கும்போது உன் மனசுல என்ன ஓடுது?"

ரிஃபானா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனவள், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

மறுநாள் காலையிலேயே கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கும் பீம்ராவ் வந்தார். பூனை போல மெல்ல நடந்து வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா தூங்கறீங்களா பாய்?"

"நான்தான் சார் கேள்வி கேக்கணும்."

"கேளுங்க, கேளுங்க. எதையும் உள்ள போட்டு வெச்சுக்காதீங்க."

இவருக்காவது அடிப்படையை ஒழுங்காகப் புரியவைத்துவிட வேண்டும் என்று ஜுபைர் முடிவு செய்தான். "டாக்டர் நோயைப் பாப்பாரு. கவுன்சிலர் மனசுல இருக்கற காயத்தை ஆத்துவாரு. தெரிஞ்ச பெரியவங்க யோசனை சொல்லுவாங்க. கோச் இது எதையும் பண்ண மாட்டான். உங்க வழி உங்களுக்குள்ளயே இருக்கு. நான் கேக்கற கேள்வியில அது தானா வெளிய வரும்."

"கவுன்சிலர் வேற, நீங்க வேறயா?"

"சுத்தமா வேற."

"ஆனா கவுன்சிலர்கிட்ட போறதுல தப்பில்லையே?"

"தப்பே இல்ல சார். தேவைப்பட்டா போய்த்தான் ஆகணும்."

பீம்ராவ் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "உங்க வாயாலயே வந்துச்சு பாருங்க. அது போதும்."

ஒரு மனிதர் தன் விடையைத் தானே கண்டுபிடித்ததை ஜுபைர் முதன்முறையாக நேரில் பார்த்தான்.

அவர் படியிறங்கும்போதே இட்லிக்கடை வரலட்சுமி ஏறி வந்தாள். கையில் சூடாக முருங்கைக்கீரை சூப்.

"உங்க இலக்கு என்னம்மா?"

"எல்லாரும் நல்லா இருக்கணும் பாய். முக்கியமா நீங்க."

"உங்களைத் தடுக்கறது எது?"

"ஒண்ணியும் இல்ல. அங்க மாவு பொங்கினு கீது, பரவால்ல. நீங்க சூப்ப குடிச்சிகினே பேசுங்க."

அதற்கு அடுத்து ஆன்றோவே திரும்பி வந்தான். ஊசி கேட்கவில்லை. கேள்விக்கெல்லாம் "நீ சொன்னா சரிதான் பாய்" என்றான். பீம்ராவ் மீண்டும் வரும்வரை நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. அறை ஒரு நிமிஷம்கூடக் காலியாக இல்லை. எல்லோருமே அவன் பேசுவதைக் கண்கொட்டாமல் கேட்டார்கள். கோச்சிங் என்றால் என்னவென்று ராயபுரத்துக்குப் பிடிபட்டுவிட்டது என்று ஜுபைர் மகிழ்ந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் போன் அடித்தது.

"இன்னா ஜுபைர், வர்றியா இல்லையா?" என்றார் அத்தாவுல்லா.

"மன்னிச்சுக்குங்க முதலாளி. ஒருத்தர் போனா ஒருத்தர் வராங்க. மூச்சு விட நேரமில்ல."

"அவ்ளோ கூட்டமா?"

"நீங்களே வந்து பாருங்க."

"அல்லா உனக்கு பரக்கத் குடுக்கட்டும்பா. அப்ப உன் சீட்டுக்கு வேற ஆளை போட்டுட்றேன்."

"தாராளமா போடுங்க முதலாளி."

பல வருஷமாக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த கன்டெய்னர் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது ஜுபைருக்கு. இந்த நல்ல சேதியை ரிஃபானாவிடம் சொல்ல அடுக்களைக்கு நடந்தான். பின்வாசலில் நின்றுகொண்டு வரலட்சுமி அவளிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாத ரிஃபானா, பாய் இன்னிக்கு நல்லா தெளிவாவே பேசினாரு, நாளைக்கு அவர தனியா வுடாம கூட குந்திக்கறதுக்கு யார் முறை?"