அரைத் தேக்சா நெய்ச்சோறு

காரைக்கால்,
12.6.1981

மரியாதைக்குரிய மச்சான் சேக் பரீது அவர்களுக்கு, காதர் பாட்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் தாங்கள் சுகமாயிருக்க துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். என் தங்கை ஆரிபா மட்டும் என்னை 'நானா' என்று கூப்பிட்டுப் பதினேழு நாளாகிறது.

லீவு கிடைக்காததால் தங்கள் மகள் அமீர் நிஷாவின் கல்யாணத்தைத் தாங்கள் பார்க்க முடியவில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஊரார் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், நெய்ச்சோறு ஆக்கியது நான்தான். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் பண்டாரியாகச் சமைத்த கை இருக்க, வெளியாள் எதற்கு என்று மார்தட்டிக்கொண்டு கரண்டியைப் பிடித்தேன். கப்பலில் எந்தச் சட்டியையும் பாதிக்கு மேல் நிரப்ப மாட்டோம் மச்சான், ஆட்டத்தில் கொதிதண்ணீர் காலில் கொட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் எட்டுத் தேக்சாவிலும் கை பாதியிலேயே நின்றுவிட்டது. கரையிறங்கி பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை போட்டபோதும் இதே கைதான் அரைக் கிளாஸ் ஊற்றி, 'கஞ்சப் பாய்' என்று பேர் வாங்கி, மூன்றே மாதத்தில் கடையை மூடவைத்தது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். அதோடு விட்டேனா, தேக்சா நழுவக் கூடாது என்று ஒவ்வொன்றையும் பந்தல்காலோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவைத்தேன். பரிமாற வந்தவர்கள் அவசரத்தில் இழுக்க, கால் பிடுங்கிக்கொண்டு கீற்றெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் தலையில் இறங்கியது.

"என்னங்க, இங்க புயலா அடிக்குது?" என்றார் சம்பந்தி.

"அடிச்சா தாங்கணும்ல" என்று சொல்லித் தொலைத்தேன்.

சஹன் தட்டு ஒன்றுக்கு ஐந்து பேராக மூன்று பந்தி உட்கார்ந்ததும் சோறு தீர்ந்தது. உள்ளறையில் அரிசி பாதி மூட்டையிலேயே கிடக்க, மாப்பிள்ளையோடு வந்த கடைசிப் பந்திக்கு ஓட்டலில் புரோட்டா வாங்கிப் போட்டோம். "பரவால்ல மாமா, எனக்குப் பசிக்கல" என்றது அமீர் நிஷா. அந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு புகுந்த வீடு போனதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கரை எனக்கு ஒத்துவராது மச்சான். துறைமுகத்தில் தெரிந்தவர்களிடம் சொல்லி ஏதாவது ஒரு கப்பலில் என்னை ஏற்றிவிடுங்கள். ஆடுகிற இடத்தில்தான் என் கை சரியாக இருக்கும்.

தங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

மன்னிப்புக் கேட்கும்,
காதர் பாட்சா

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள், அமீர் நிஷா வாழப்போன அதே நெரவியிலிருந்து அல்லா பிச்சை என்று ஒருவர் வந்து, தன் மகன் கல்யாணத்துக்கு நான்தான் ஆக்க வேண்டும் என்று நிற்கிறார். யார் அனுப்பியது என்றேன். ஆரிபாவாம். "எங்க நானா கைப்பக்குவம் யாருக்கும் வராதுங்க. தேக்சா நிறையுற வரைக்கும் பக்கத்துலயே நின்னுக்குங்க, கயித்த மட்டும் கையில குடுத்துடாதீங்க"ன்னு சொல்லிவிட்டிருக்கு. கப்பல் பார்க்க வேண்டாம் மச்சான். முதல் சஹனை அமீர் நிஷாவுக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் பந்திக்கு விடுவேன்.