வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பொதுமக்களின் நலன் கருதி நகராட்சி அலுவலகத்தின் கடைசி அறைக்குப் பெயர் மாற்றப்பட்டது. அதுவரை அது பரிசீலனை அறை. 'நிர்வாகத்தில் அறிவியல்' என்ற பயிற்சிக்குப் போய்வந்த கையோடு கண்காணிப்பாளர் அதன் கதவில் 'கருந்துளை' என்று பலகை மாட்டினார். வாசலில் ஒரு வெள்ளைக் கோடும் போடப்பட்டது.

ரொட்டிக்கடை அக்கா இதையெல்லாம் ரசிக்கும் நிலையில் இல்லை. கடை உரிமத்தைப் புதுப்பிக்க அவள் கொடுத்த மனு போன வருஷமே அந்த அறைக்குள் போய்விட்டது. இப்போது, உரிமம் இல்லாத கடையை வெள்ளிக்கிழமை பூட்டி சீல் வைப்போம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த அடுப்பை நம்பித்தான் மொத்தக் குடும்பமும். மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"என் மனு எங்க சார்?"

"பத்திரமா இருக்கும்மா," கண்காணிப்பாளர் பூரித்தார். "வெளிச்சமே உள்ள போனா திரும்பாதாம். உங்க மனு எம்மாத்திரம்?"

"நானே போய்த் தேடிக்கட்டுமா?"

"ஐயோ, கோட்டைத் தாண்டாதீங்கக்கா!" பியூன் குறுக்கே பாய்ந்தார். "ஒரு குமாஸ்தா தேடப் போனாரு. ரிட்டயர் ஆகித்தான் வெளிய வந்தாரு."

"மனு வரல. நோட்டீஸ் மட்டும் எப்படி சார் வந்துச்சு?"

"அது உள்ள போகவே இல்லையே!" என்றார் கண்காணிப்பாளர். "மேலதிகாரி நேரா கையெழுத்துப் போட்டுட்டாரு. உள்ள போயிருந்தா பரிசீலனையில இருக்குன்னு அர்த்தம். பரிசீலனையில இருக்கிற எது மேலயும் நடவடிக்கை எடுக்க விதி இடம் கொடுக்காது."

அக்காவுக்குப் பொறி தட்டியது. நோட்டீஸின் ஓரத்தில் 'இது செல்லுமா? கருத்துரை தேவை' என்று எழுதி நீட்டினாள். விதி என்றால் விதி. கண்காணிப்பாளர் அலுவலக நகலையும் அதோடு சேர்த்துக் கட்டி, கோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினார். வெள்ளிக்கிழமை பூட்டோடு வந்த ஆள், கையில் உத்தரவு இல்லாததால், ஒரு பன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

விஷயம் காட்டுத்தீயாய்ப் பரவியது. அபராத நோட்டீஸும் வரி நோட்டீஸுமாக ஊரே வரிசையில் நின்றது. 'இந்த ஆபீஸ் உருப்படுமா' என்று மண்ணை வாரித் தூற்றிய தையல்காரர், கண்காணிப்பாளருக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்தார்.

அந்த நேரம் பார்த்து, அறையை உடனடியாகக் காலிசெய்யும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஊர் கொதித்தெழுந்தது. 'எங்கள் கருந்துளையைத் தொடாதே!' என்று வாசலில் கோஷம். கண்காணிப்பாளர் கையைப் பிசைந்தார்.

"இதுக்குப் போயா கலங்குறீங்க?" என்றாள் அக்கா. "அந்த உத்தரவையும் கருத்துக் கேட்டு உள்ள அனுப்புங்க சார்."

அனுப்பினார். விசில் பறந்தது. அக்கா அன்று எல்லோருக்கும் இலவசமாக ரொட்டி கொடுத்தாள். அவள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுவாரம் தெருக் குழாய்களில் தண்ணீர் நின்றது. மாவு பிசையவும் வழியில்லை. தெருவே கையெழுத்துப் போட்ட மனுவை அக்கா கொண்டுபோனாள்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். கண் கலங்கியிருந்தது.

"இந்த அறையைக் காப்பாத்திக் கொடுத்தவங்க நீங்க. உங்களைக் காக்க வைப்பேனாம்மா?" மனுவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டை நோக்கி நடந்தார். "இன்னைக்கு முதல்ல உள்ள போறதே உங்களுதுதான்!"