டுமீல் அண்ணாச்சியின் லைசன்ஸ்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் டுமீல் அண்ணாச்சியைப் போல ஒரு துப்பாக்கிக்காரர் அதற்கு முன்னும் இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். முப்பது வருஷம் துப்பாக்கி வைத்திருந்தார். ஒரு கொசு சாகவில்லை!

சேரன்மகாதேவிக்கு மேற்கே அவருக்கு வாழைத்தோட்டம். மலையிலிருந்து பன்றிகள் இறங்கி வந்து வாழைக்கட்டையைக் கிளறிப் போட்டுவிடும். பயிரைக் காக்கத்தான் அவருக்குச் சர்க்கார் லைசன்ஸ் கொடுத்திருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் பன்றியைக் கண்டால் அண்ணாச்சி வரப்பில் ஏறி நின்று முதலில் குரல் கொடுப்பார்: "ஏலே, சுடப் போறேன்! பிள்ளைகுட்டியக் கூட்டிட்டு ஓடிருங்க!" பன்றிகள் ஓடும். பிறகு இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, டுமீல்! ஒரே ஒரு தடவை குண்டு எதன் மீதோ பட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கண்ணேறுக்காக நட்டிருந்த பொம்மையின் பானைத்தலை அது. "அதத்தான் வே குறி வச்சேன். என்னைப் பாத்து முழிச்சுக்கிட்டே நின்னுது" என்றார்.

நான் அப்போது தாலுகா கச்சேரியில் ஆயுதப் பதிவேடு எழுதும் குமாஸ்தா. இருபத்திரண்டு வயசு. வருஷத்துக்கு ஒரு முறை லைசன்ஸ்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அண்ணாச்சி வருவது தேர் வருகிற மாதிரி இருக்கும்! வில்வண்டிக்குள் மெத்தை விரித்து, சந்தனமும் குங்குமமும் வைத்த துப்பாக்கி படுத்திருக்கும். அண்ணாச்சி வெயிலில் பின்னால் நடந்து வருவார்.

"வண்டியில ஏறி வரப்படாதா அண்ணாச்சி?"

"லைசன்ஸ் அதுக்குத்தானே வே, எனக்கா?"

ஒரு வருஷம் தாசில்தார், "உள்ளே வெடிமருந்து கெட்டியிருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தார். "இல்ல எசமான், சந்தேகம்னா பாத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி விசையை இழுத்தார். டுமீல்! கச்சேரிக் கூரையில் நாலு ஓடு காலி. தாசில்தார் மேஜைக்கு அடியில் கிடந்தார். அண்ணாச்சி குனிந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "எசமான், இருந்திருக்கு."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த கச்சேரிக்கு ஒரு ஆனி மாசம் சிரிப்பு நின்றுபோயிற்று. நம் ஜில்லாவின் பெரிய துரையை ரயிலில் வைத்து யாரோ சுட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்! மேலிருந்து உத்தரவுக்கு மேல் உத்தரவு. தாலுகாவில் உள்ள துப்பாக்கி ஒவ்வொன்றையும், லைசன்ஸில் உள்ள பெயர் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். பெயர் பொருந்தாவிட்டால் துப்பாக்கி பறிமுதல், வைத்திருந்தவர் மேல் வழக்கு, எழுதிய குமாஸ்தாவுக்கு வேலை போய் வீடு. 'இன்னார் என்கிற இன்னார்' என்று இரண்டு பெயர் சொல்லுகிறவன் எவனோ அவன் பக்கா ராஜத்துரோகி!

நான் பதிவேட்டையும் கிராம முன்சீப் அனுப்பிய பெயர் ஜாபிதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்சீப் ஜாபிதாவில் அண்ணாச்சியின் பெயர் சண்முகம். என் கையெழுத்தில் லைசன்ஸில் இருந்த பெயரோ ஆறுமுகம்!

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விவரம் எழுத அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி தோட்டத்தில் பன்றிக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் மதினி, மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றாள். பெயர் கேட்டேன். புருஷன் பெயரை அவள் எப்படிச் சொல்லுவாள்? "ஆறு மொகம் இருக்கும்லா, மயிலு மேல வருமே, அந்தச் சாமி பேருதான்" என்றாள். நான் பெரிய மேதாவி மாதிரி ஆறுமுகம் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரே அவரை டுமீல் என்றுதான் கூப்பிட்டது. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. லைசன்ஸை மூங்கில் குழாயில் போட்டு வைத்து, ஆயுத பூஜைக்கு எடுத்துச் சூடம் காட்டுவதோடு சரி.

ஓடினேன் அவர் வீட்டுக்கு. விஷயத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"இம்புட்டுத்தானா? பேசாம நான் ஆறுமுகமா ஆயிட்டுப் போறேன்."

"அண்ணாச்சி, பொய்யின்னு தெரிஞ்சா உங்களை ஜெயில்ல போட்டுருவாங்க. துப்பாக்கியும் போயிரும். தப்பு என்னோடதுன்னு சொல்லிருதேன்."

"சும்மா கெட லே!"

மறுநாள் முதல் ஊருக்கே பாடம். முன்சீப்பில் தொடங்கி வண்ணான், வண்டிக்காரன், பூசாரி வரைக்கும் எல்லோரும் அவரை ஆறுமுகம் என்றுதான் கூப்பிட வேண்டும். எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர்தான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார்! "ஏவே, ஒம்மத்தான்!" என்று முதுகில் தட்டினால், "ஓ, நானா?" என்பார்.

விசாரணைக்குச் சப்கலெக்டர் துரையே வந்து உட்கார்ந்தார். தமிழ் படித்துப் பாஸ் பண்ணின துரை. முன்சீப் வந்து, ஜாபிதாவில் கை தவறிவிட்டது, ஆறுமுகம்தான் என்றார். வண்டிக்காரன் ஆறுமுகம் என்றான். பூசாரி ஆறுமுகம் என்றார். மூவரும் ஒரே ராகத்தில் சொன்னதில் துரைக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"இவன் மனைவியைக் கூப்பிடு!"

ஊரில் எல்லோருக்கும் பாடம் சொன்னோம், மதினிக்கு மட்டும் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் போய்ப் புருஷன் பெயரைக் கேட்பான் ஒருத்தன் என்று யார் கண்டார்கள்? தாசில்தார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை அவரைக் கையமர்த்திவிட்டு மதினியையே நேராகக் கேட்டார்.

"உன் புருஷன் பேர் என்ன?"

மதினி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கணீரென்று சொன்னாள்:

"ஆறுமுகம்!"

தாசில்தார் கையிலிருந்து பேனா விழுந்தது. டவாலிச் சேவகர் இருமினார். கட்டின புருஷன் பெயரை இப்படிச் சந்தையில் கூவுகிற மாதிரி எந்தப் பெண்பிள்ளை சொல்லுவாள்? அது அவர் பெயர் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிட்டது, ஒரே ஒருவரைத் தவிர.

துரை முகம் மலர்ந்தது. "மற்ற எல்லோரும் பாடம் ஒப்பித்தார்கள். இந்த அம்மாள் ஒருத்திதான் தயங்காமல் உண்மை சொன்னாள்" என்று கையெழுத்துப் போட்டார். தாசில்தார் என்னை ஒரு பார்வை பார்த்தார், பேனாவை எடுக்கிற சாக்கில் மறுபடி மேஜைக்கு அடியில் போனார். அவர் முதுகு குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றோடு சர்க்கார் காகிதம் எல்லாவற்றிலும் அண்ணாச்சி ஆறுமுகம் ஆகிவிட்டார். மதினிக்குக் கொண்டாட்டம்! "ஆறுமுகோம், சோறு ஆறுதுல்லா, வாருமே!" என்று கால்வாய்க் கரையிலிருந்து அவள் போடுகிற சத்தத்துக்குப் பன்றியே இந்தப் பக்கம் வருவதில்லை. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "இந்தச் சீமையில பொண்டாட்டி வாயால பேரு சொல்லிக் கூப்பிடக் கேட்டவன் நான் ஒருத்தன்தான் வே!"

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அப்பன் ஆத்தா வச்ச பேர எனக்காக விட்டுட்டீங்களே அண்ணாச்சி."

"பேரு போனா இன்னொண்ணு வச்சுக்கிடலாம். வேல போனா ஒனக்கு எவன்லே பொண்ணு தருவான்?"

எனக்குப் பொண்ணு கொடுத்தார்கள். மூத்தவன் பிறந்தபோது சண்முகம் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரையும் பெற்றவள் ஒருத்தி வாய் நிறையக் கூப்பிடட்டுமே என்றுதான்.