உன் அக்காள் பிடுங்கிய பீடி

தச்சநல்லூர்,
18.8.1996

சிரஞ்சீவி மாப்பிள்ளை சங்கரலிங்கத்துக்கு, அத்தான் சிவசைலம் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. நானும் உன் அக்காளும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ‘நலம்’ என்று போட்டவுடன் இருமல் வந்துவிட்டது. மேலே மை சிந்தியிருப்பது அதனால்தான். பாபநாசத்தில் நீங்கள் எல்லோரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மலைக்காற்று, கொடுத்து வைத்தவன் நீ.

என் நெஞ்சு விஷயம் உனக்குத் தெரியும். முப்பது வருஷ மில் பஞ்சும் நாற்பது வருஷ பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன, இனி முழுசாகக் குணமாகாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார், ஆனால் பொறுப்பை எடுத்துக்கொண்டவள் உன் அக்காள் பிரம்மநாயகி. அன்றிலிருந்து வீட்டில் ஊதுபத்தி கிடையாது, சாம்பிராணி கிடையாது, கொசுவத்தி கிடையாது. கடுகு தாளித்தால் நான் இருமுகிறேன் என்று பக்கத்து வீட்டு மஹ்மூதா பீவியின் அடுக்களைக்குப் போய்த் தாளித்து, கரண்டியைச் சுடச்சுட ஏந்திக்கொண்டு தெருவில் வருகிறாள். சைக்கிள்காரன்கூட இறங்கி வழிவிடுகிறான். மதியம் நான் கண்ணயர்ந்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். “என்னட்டி, இருக்கேனா போயிட்டேனா?” என்று கேட்டால், “சும்மா கெடங்க. மூச்சை எண்ணிக்கிட்டிருந்தேன், இப்ப எண்ணிக்கை தப்பிட்டு” என்று என்னைக் கோபிக்கிறாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் மாப்பிள்ளை. அவளுக்குக் கண் தெரியவில்லை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது, இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கண் தேறாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று தடவை நாள் குறித்தாயிற்று. மூன்று தடவையும் எனக்கு இளைப்பு என்று சாக்குச் சொல்லி இவள் போகவில்லை. “நான் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெடந்தா உங்க மூச்சை யாரு பாக்கது? கண்ணு எங்கன போயிரும்?” என்கிறாள்.

போன மாதம் நடந்ததைக் கேள். சாயங்காலம் பைய நடக்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று நடந்தேன். டீக்கடை வாசலில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் தாணுமாலையன் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டு நின்றேன். இரண்டு பேருக்கும் வெள்ளை வேட்டி, ஒரே உயரம், வழுக்கையும் ஒரே அளவு. என்னைத் தேடி வந்த உன் அக்காளுக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்கு நன்றாக இருக்கிறது. பீடி வாடை பட்டதும் வந்த வேகம் இருக்கிறதே! அண்ணாச்சி கையிலிருந்த பீடியைப் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்து, “வெக்கமா இல்லையா உங்களுக்கு? அங்கன ஒருத்தி உங்க மூச்சுக்குக் காவல் கெடக்கேன், இங்கன நின்னு ஊதுதியளோ?” என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். கடையில் இருந்த பாதிப்பேர் அவரிடம் பிரம்படி வாங்கிப் படித்தவர்கள். அண்ணாச்சி அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றார். “ஏட்டி, நான் இந்தா நிக்கேன்லா” என்று நான் சொன்னதும்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. “ஐயோ அண்ணாச்சி, ஆளு தெரியலையே எனக்கு!” என்று நடுத்தெருவில் அழுதாள். மறுநாள் மஹ்மூதா பீவி வீட்டில் முறுக்கு சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். வாத்தியார் பீடி குடிக்கிறார் என்று இன்னும் ஊரெல்லாம் பேச்சு. இந்த வயதில் அவருக்கு அப்படி ஒரு பழக்கம் வரும் என்று யார் கண்டது!

கட்டின புருஷன் யார், வாத்தியார் யார் என்று தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு என்னைக் காவல் காக்கிறாள். என் மூச்சுக்காக அவள் கண் போகக்கூடாதடா. அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

ஆகையால் நாலாவது தடவையாக இந்த வெள்ளிக்கிழமைக்கு ஆபரேஷன் நாள் குறித்திருக்கிறேன், வியாழக்கிழமையே நீயும் உன் வீட்டுக்காரியும் வந்துவிடுங்கள். அவள் ஆஸ்பத்திரியில் அக்காளோடு இருக்கட்டும், நீ என்னோடு இரு. உன்னை மட்டும்தான் உன் அக்காள் நம்புவாள். மூச்சு எண்ணச் சொல்லித்தருவாள், முகம் சுளிக்காமல் கற்றுக்கொள். நான் பீடியைத் தொடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் போவாளாம். தை மாதத்திலிருந்து பீடியைக் கையால் தொட்டதில்லை, இது சத்தியம். இங்கே வந்ததும் இந்த வரியை மட்டும் அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

நெல்லையப்பரும் காந்திமதியும் உங்கள் எல்லோரையும் நல்ல மூச்சோடும் நல்ல பார்வையோடும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சிவசைலம்

பி.கு.: இதை வாசித்துக் காட்டாதே. அவளால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். தாணுமாலையன் அண்ணாச்சி ஜென்மத்தில் பீடி குடித்ததில்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்தது என் பீடி. உன் அக்காள் வருவதைப் பார்த்ததும், “செத்த நேரம் பிடிங்க அண்ணாச்சி” என்று நான்தான் கொடுத்தேன். இன்றுவரை அந்த மனுஷர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் தெருவில் நின்று அழுததைப் பார்த்த பிறகு நான் தொடவில்லை, இன்றோடு இருபத்தாறு நாள். இந்தச் சத்தியம் நிஜம். கண் கட்டு அவிழ்த்த பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. முன்னால் சொன்னால் ஆபரேஷன் மேசையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவாள். கண் நன்றாகத் தெரியட்டும், இந்தத் தடவை ஆள் மாறாமல் என்னையே ஏசட்டும்.