எழுபத்தோராவது எழுத்து

அரைச்செய்தி ஆசாமிகள் என்றொரு இனம் உண்டு. செல்போனை நெஞ்சோடு அணைத்து, அக்கம்பக்கம் நோட்டம் விட்டு, ஒற்றை விரலால் தட்டி, உதடு அசைய எழுத்தெண்ணி, பாதியை அழித்துவிட்டுத்தான் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்களே?

அந்த இனத்துக்கு எங்கள் தெருத் தையல்காரர்தான் தலைவர்.

"டவர்ல ஒருத்தன் கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லாத்தையும் படிக்கிறான். பாதிய வச்சு அவன் என்ன பண்ணுவான்?" என்பார். இது பாதுகாப்பு. தமிழில் எழுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டு செய்திக்குக் காசு; கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனி எழுத்து. ஆகவே வாலை வெட்டிவிடுவார். இது சிக்கனம். 'சட்டை தயார்' என்ற செய்தியைப் பார்த்து, மழையில் நனைந்து வந்த வாடிக்கையாளரிடம், "'ஆகவில்லை'ன்னு மிச்சம் இருக்குங்களே!" என்றார் கூசாமல்.

சட்டையோடு நின்றிருந்தால் தேவலை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒருவனை விரும்பினாள். இரண்டு வருடம் முறுக்கிக்கொண்டு திரிந்தவர், ஒருவழியாகப் போய்ப் பையனைப் பார்த்தார். பிடித்துவிட்டது. அதை நேராகச் சொன்னால் கௌரவம் என்னாவது? தையல் மெஷினில் முழங்கையை ஊன்றிச் சுற்றிவளைத்து அடித்தார்: 'நீ சொன்ன பையனைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.'

எண்ணினார். எழுபத்தொன்று!

முற்றுப்புள்ளியை எடுத்திருந்தால் தீர்ந்தது. ஆனால் புள்ளி வைக்காமல் அனுப்புவது அவருக்கு மரியாதைக் குறைவு. புள்ளியைக் காப்பாற்றினார், வாலை வெட்டினார், அனுப்பினார். அன்று முழுக்கக் கால்சட்டைகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே ஓரம் அடித்தார்.

மறுநாள் மனைவி கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னங்க, புள்ள போனே எடுக்க மாட்டேங்குது. அப்படி என்னத்த அனுப்புனீங்க?"

"நல்ல சேதிதான். வேண்டாம்னு சொல்ல மனசு வரலேன்னு."

பிடுங்கிப் படித்தாள். "'நீ சொன்ன பையனைப் பார்த்தேன். வேண்டாம்.' அவ்வளவுதாங்க இருக்கு!"

"மிச்சம் என்கிட்ட பத்திரமா இருக்குல்ல?"

அவள் பார்த்த பார்வையில் அவருக்கு உறைத்தது. காசைப் பற்றி நினைக்காமல் கூப்பிட்டார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. சாயங்காலம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'அப்பா, இனிமேல் நான் உங்களோடு.'

உங்களோடு என்ன? பேசுவேனா, மாட்டேனா? வெட்டிய துணிகளின் நடுவே உட்கார்ந்து அந்த வாலைத் தேடிக்கொண்டிருக்கிறார் பாவம். மகளைப் பார்க்க மனைவி பஸ் ஏறிவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் அம்மா, 'சாப்பிட்டியா, கால் வலி எப்படி இருக்கு, எப்ப வரே?' என்று கேட்டிருந்தார்களே, நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள்?

'ம்.'

அது எந்தக் கேள்விக்கு?