தட்டாத கைக்குப் பூஜ்ஜியம்

குறிஞ்சாக்கோட்டை என்றொரு நாடு. வீட்டில் அடிபட்டுக் கிடந்த பிள்ளைகளை அந்த நாட்டு அரசு மீட்டுக் காப்பில்லங்களில் வளர்த்தது. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? அந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஈடுபாட்டோடு படிக்கிறார்களா என்று அளந்து பார்க்க மன்னர் ஆசைப்பட்டபோதுதான் வம்பு வந்தது.

ஈடுபாட்டை எதைக்கொண்டு அளப்பது? காப்பு அமைச்சர் தணிகைவேந்தன், தாம் தவறாமல் போய் உட்காரும் ஒரே இடமான அரசவையை நினைத்துப் பார்த்தார். அங்கே பேச்சு ஓய்ந்ததும் மேசையைத் தட்டுகிறவர் ஈடுபாடு மிக்கவர். கேள்வி கேட்கிறவரைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியே விடுவார்கள். ஆகவே ஆணை பிறந்தது: காப்பில்லப் பிள்ளை மேசையைத் தட்டினால் மதிப்பெண், கேள்வி கேட்டால் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் வாங்கினால் வேறு பள்ளி.

காப்பில்லத்துப் பவளக்கொடிக்குப் பதினொரு வயது. அதற்குள் நான்கு பள்ளிகள் மாறிவிட்டாள். போன இடமெல்லாம் பின்னக் கணக்கு பாதியில் நின்றது. புரியவில்லை என்று கேட்பாள், மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். ஐந்தாவது பள்ளியின் நாகவல்லி டீச்சர்தான் முதன்முதலில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர். மற்ற பிள்ளைகள் தட்டுகிற சத்தத்தில் பாவம், அவர் குரல் பாதி கேட்காது.

"பேருக்கு ரெண்டு தட்டு தட்டேன்டி. இங்கேருந்தும் அனுப்பிருவாங்க" என்றார் டீச்சர்.

"புரியாம எப்படி டீச்சர் தட்டுறது? நான் கேட்டுத்தான் படிப்பேன். இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டும் போகமாட்டேன்."

அந்த மாதம் நாட்டிலேயே பூஜ்ஜியம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அரசவையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"மாமன்னரே! நாடெங்கும் ஈடுபாடு பொங்கி வழிகிறது. இச்சிறுமி மட்டுமே குறை. ஆறாவது பள்ளிக்கு அனுப்ப அவை மேசையைத் தட்டி ஒப்ப வேண்டும்" என்றார் அமைச்சர்.

மன்னர் பெருந்தன்மையானவர். "முதலில் குழந்தை ஏதாவது சொல்லட்டும்" என்றார்.

பவளக்கொடி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தட்டுறதுக்கு மார்க் போடுறதை நிறுத்தணும். எங்களைக் கேக்காம பள்ளிக்கூடம் மாத்தக் கூடாது. கேள்வி கேட்டா பதில் சொல்லணும்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பேச்சு நின்றதும் அவை முழுவதும் மேசையைத் தட்டியது. பழக்கதோஷத்தில் அமைச்சர் தட்டியதுதான் பலமாகக் கேட்டது. அவை தட்டியது சட்டம், அதை மன்னராலும் மாற்ற முடியாது. எழுத்தர் எழுதி முத்திரை வைத்தார்.

மறுநாள் முதல் பாடவேளையிலேயே பவளக்கொடி எழுந்து நின்று பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்டாள். டீச்சர் பதில் சொன்னார்.

அரசவைக் குறிப்பில் அன்றைய உறுப்பினர்களின் ஈடுபாடு நூற்றுக்கு நூறு என்று பதிவாகியிருக்கிறது. எதற்காகத் தட்டினோம் என்று அவர்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.