சீதனத்தின் கையில் சிக்கிய சான்றிதழ்

ஒரு பார்சலை ஒரு வீட்டில் கொடுப்பது என்ற சின்ன வேலையை, சந்திரனுக்கு ஆள் அனுப்புகிற வேலையைவிடச் சிக்கலாக்கிய பெருமை உலகத்திலேயே ஒருவருக்குத்தான் உண்டு. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்குத் தெரியாது. கல்லடியிலிருந்து நாவற்குடா வரை அவர் பெயர் ‘சீதனம்’. கூரியர் கம்பனி ஒன்றின் பார்சல்களை இரண்டு அரிசிச் சாக்குகளில் போட்டு, மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். ஐம்பது வயது, குடை போன்ற வயிறு, வலது காதில் எப்போதும் ஒரு பேனை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இங்கே மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் சீதனமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்காக வளவைப் பிரித்து அடுத்த வீடு எழும்பும். இப்படியே 42ஆம் இலக்கம் 42/1 ஆகி, 42/1/2 ஆகி, கடைசியில் கோழிக்கூட்டுக்கும் ஒரு இலக்கம் வந்துவிடும். ஒழுங்கையோ, ஒரு ஓட்டோ நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள் வேலிக்குள் போக வேண்டிய அகலம். மற்றக் கூரியர்காரர்கள் சந்தியில் நின்று போன் எடுத்து, “வந்து வாங்கிட்டுப் போங்க” என்பார்கள். சீதனம் அப்படிப்பட்ட சோம்பேறி இல்லை. அவர் யோசித்தார். வினையே அங்கேதான் தொடங்கியது.

“விலாசத்த ஆர் பாக்கிற சேர்? ஆம்புளைக்கு விலாசமே இல்ல. கலியாணம் முடியிற மட்டும் தாய்ட வீடு, மறுகா பொஞ்சாதிட வீடு. பொம்புளைகள எழுதி வெச்சா ஊரே கைக்குள்ள” என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார்.

எழுதி வைத்தும் இருந்தார். எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் வளவுவாரியாகப் பெண்கள். மூத்தவள் முன்வீடு, இரண்டாமவளுக்கு அத்திவாரம் போட்டாச்சு, மூன்றாமவள் இன்னும் படிக்கிறாள் என்று எல்லாம் இருக்கும். கொப்பியைத் திருத்துவதற்காகவே அழைக்காத கலியாணங்களுக்கும் போவார். சாப்பாட்டுப் பந்தியில் இடது கையால் குறிப்பெழுதுகிற மனுசனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் பார்த்துச் சலித்துப்போனோம்.

ஒருநாள் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வந்திருந்தார்கள். மூன்று பெண்கள் உள்ள வீடு. எந்த வீடு யாருக்கு என்பதைத் தகப்பன் வாய் திறந்து சொல்லாமல் வருடக்கணக்காகச் சமாளித்து வந்தார். சீதனம் ஒரு ரைஸ்குக்கரோடு உள்ளே போய், வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லி, காதில் இருந்த பேனையை எடுத்து, “இந்தக் கல்வீடு எந்தப் புள்ளைக்கு?” என்று கேட்டுவிட்டார். மூத்தவள் தனக்கு என்றாள். குசினிக்குள் இருந்து நடுவிலாள் தனக்கென்று அப்பா சொன்னதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். சம்பந்தம் திரும்ப ஒட்டுவதற்கு மூன்று மாதம் பிடித்தது. சீதனத்துக்கு இருந்த ஒரே வருத்தம், கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்பதுதான்.

என் கதை இன்னும் கேவலம். நான் பழுகாமத்துக்காரன். நாவற்குடாவில் பெண் கட்டி இருபத்தாறு வருடம். பத்திரிகையில் என் பெயர் வருகிறது, ஆனால் சீதனத்தின் கொப்பியில் வரவில்லை. எனக்கு வருகிற புத்தகங்களை என் கையில் தரமாட்டார். வாசல் கடப்படியில் நின்று, “சந்திராட மாப்பிள்ளைக்கு ஒண்டு வந்திருக்கு” என்று ஒழுங்கை அதிரக் கூப்பிட்டு, என் மனைவி சந்திரா வந்து கையொப்பம் வைத்த பிறகுதான் விடுவார். நான் பக்கத்தில் அடையாள அட்டையோடு நிற்பேன்.

பிறகு கம்பனிக்குப் புது அதிகாரி ஒருவர் வந்தார். பட்டணத்து நெரிசலில் பார்சல்கள் சுணங்குகின்றன, இனி எல்லோரும் போனில் வரைபடம் பார்த்துத்தான் போக வேண்டும் என்று கட்டளை போட்டார். சீதனம் போனை றப்பர் நாடாவால் ஹாண்டிலில் கட்டி, அது பெண் குரலில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் மறுப்புச் சொல்லிக்கொண்டு போனார். ஏன் அது சொல்கிற பாதையில் போவதில்லை என்று கேட்டேன். “அந்தப் புள்ளைக்கு இஞ்ச வீடு வளவு ஒண்டுமில்ல சேர். அதுக்கென்ன தெரியும்” என்றார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகள் தர்சியின் விஷயத்தில்தான் பொறுமை அறுந்தது.

தர்சிக்குப் பட்டணத்தில் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வு. வியாழன் பகல் இரண்டு மணி. மூலப் பட்டச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் உள்ளே எடுக்கமாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து அது கூரியரில் வந்துகொண்டிருந்தது. புதன்கிழமை வர வேண்டியது வரவில்லை. வியாழன் காலை கம்பனிக்குப் போனேன். பார்சல் நேற்றே சீதனத்தின் சாக்குக்குள் ஏறிவிட்டது என்றார்கள். அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். அந்த இடத்திலேயே கடதாசி வாங்கி ஒரு முறைப்பாடு எழுதினேன். பத்து வருடக் கடுப்பும் அதில் இறங்கியது.

ஒரு மணியாகிவிட்டது. எப்படியாவது தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்று தர்சி அழுத முகத்தோடு ஓட்டோவில் ஏறிப் போனாள். அப்போதுதான் சந்திரா நிதானமாகச் சொன்னாள்:

“அவளுக்குப் போன மாசம் எழுத்து முடிஞ்சுதுதானே. அவர்ட கணக்குப்படி அவள்ட வீடு கல்லடியிலயெல்லோ.”

கலியாணம் இன்னும் நடக்கவில்லை. பதிவுத் திருமணம்தான் முடிந்திருந்தது. கல்லடியில் தர்சிக்காக நான் தொடங்கிய வீடு சுவர் மட்டத்தோடு நின்றுபோய், ஆறு மாதமாக நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். கூரை இல்லை, கதவு இல்லை. போய்ப் பார்த்தால், எங்கள் வரவேற்பறையாக வர வேண்டிய இடத்தில், நாயுருவிப் பற்றைக்கு நடுவே ஒரு கல்லில் சீதனம் குந்தியிருந்தார். மடியில் பார்சல்.

“நேற்றும் வந்து தர்சி எண்டு கூப்பிட்டனான். வீட்டில ஒருத்தரும் இல்ல” என்றார்.

பார்சலுக்குக் கை நீட்டினேன். அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். நான் அத்திவாரம் வெட்டிய வளவில் நின்று என்னைப் பார்த்து, நீங்கள் இந்த வீட்டாள் இல்லையே என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு தர்சி எங்கே என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்க எழும்பி, “ஏறுங்க சேர்” என்றார்.

பட்டணத்துக்குப் போகிற கல்லடிப் பாலம் பாடசாலை விடுகிற நேரத்தில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பஸ், வான், ஓட்டோ எல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று. சீதனம் ஹோர்ன் அடிக்கவில்லை. “ராணிட மாப்பிள்ளை, கொஞ்சம் ஒதுங்குங்க. வசந்தி அக்காட மருமகன், அந்தக் கால எடுங்க மனே” என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். அவ்வளவு ஆண்களும் திடுக்கிட்டு வழிவிட்டார்கள். பொஞ்சாதியின் பெயர் காதில் விழுந்தால் வண்டியை ஒதுக்காத ஆம்பிளை எங்கள் ஊரில் இல்லை.

பாலத்தின் நடுவில் ஓட்டோவுக்குள் தர்சி தலையில் கை வைத்தபடி இருந்தாள். பின்னால் அத்தனை வாகனமும் கத்த, சீதனம் அவளிடம் முதலில் கையொப்பம் வாங்கினார். பெயரைத் தெளிவாக எழுதச் சொன்னார். பிறகு சாக்குகள் இரண்டையும் என்னையும் பாலத்து ஓரத்தில் இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

ஊராரின் பார்சல்களுக்குக் காவலாக நான் வெயிலில் நின்றேன். தெரிந்தவர்கள் இரண்டு பேர், புது வேலையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, உள்ளே போகிறேன் என்று தர்சி செய்தி அனுப்பினாள். அதன் பின்னாலேயே அந்தப் புது அதிகாரியின் அழைப்பு வந்தது. என் முறைப்பாட்டைப் படித்தாராம். நாளையிலிருந்து சீதனத்தை இந்தப் பக்கத்திலிருந்து மாற்றிவிடுவதாகவும், நான் ஓம் என்றால் போதும் என்றும் சொன்னார்.

“அதக் கிழிச்சுப் போடுங்க தம்பி” என்றேன்.

ஏன் என்று கேட்டார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தக் குட்டிச்சுவரை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கட்டிய நானே அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். அந்த மனுசன் இரண்டு நாளாக அதன் வாசலில் நின்று, என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.